பூவாத்தா தியேட்டரில் நேரம் திரும்பும்

பூவாத்தா தியேட்டரில் மட்டமான படம் பார்த்தால் போன நேரம் திரும்பி வந்துவிடும் என்பது எங்கள் ஊரில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம். வெளியூர்க்காரர்களிடம் சொன்னால் ஒரு மாதிரி பார்ப்பார்கள்; பார்த்துவிட்டுப் போகட்டும், எனக்கென்ன வந்தது. பதினாறு வருஷமாக அந்தத் தியேட்டர் கேண்டீனில் டீ ஆற்றி போண்டா போடுகிறவள் நான், பேர் ருக்குமணி, அதற்கு முன்னால் பதினோரு வருஷம் விசைத்தறி ஓட்டியவள், இல்லாததைச் சொல்லி எனக்கு ஆகப்போவது ஒன்றுமில்லை.

அது ஆரம்பித்தது மூன்று வருஷத்துக்கு முன்னால் ஓர் ஆடி மாதத்து வெள்ளிக்கிழமை. பேயும் போலீஸும் கூட்டுச் சேர்ந்து திருடனைப் பிடிக்கிற படம் ஒன்று அன்றைக்கு ரிலீஸ், பகல் பதினொரு மணிக் காட்சி, நூற்றிருபது பேர் உள்ளே போனார்கள், எங்கள் தியேட்டர் வழக்கப்படி படம் போட்டதும் வாட்ச்மேன் கேட்டைச் சாத்திப் பூட்டினார், இண்டர்வெல்லில் நான் போண்டா விற்றேன், படம் முடிந்தது, நூற்றிருபது பேரும் படம் எடுத்தவனின் ஏழு தலைமுறையையும் திட்டிக்கொண்டு எழுந்து வந்தார்கள், கேட்டைத் திறந்தால், பதினொரு மணிக்கு முக்கில் திரும்பிக்கொண்டிருந்த எட்டாம் நம்பர் டவுன் பஸ் இன்னும் திரும்பிக்கொண்டிருந்தது, கண்டக்டர் வாயில் வைத்த விசிலை இன்னும் ஊதி முடிக்கவில்லை, எதிரே கொத்தமல்லிக்குப் பேரம் பேசிக்கொண்டிருந்தவள் இன்னும் அதே கட்டைத்தான் கையில் வைத்திருந்தாள். வெளியே வந்த கூட்டம் கொஞ்ச நேரம் நின்று பார்த்தது. பிறகு பைப் ரிப்பேர் செய்கிற நாச்சிமுத்து, பதினொரு மணிக்கு ஒரு வீட்டில் குழாய் மாட்ட வருவதாகச் சொல்லியிருந்தேன், நல்லதாகப் போயிற்று என்று சொல்லிவிட்டுச் சைக்கிளை எடுத்துக்கொண்டு போனார், மற்றவர்களும் அவரவர் வேலையைப் பார்க்கக் கிளம்பினார்கள்.

அடுத்த வாரமும் படம் தேறவில்லை, நேரம் திரும்பியது. அதற்கடுத்த வாரம் நல்ல படமாக ஒன்று வந்து தொலைத்தது. ஊரே கண்ணைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தால் மணி ஒன்றே முக்கால், டவுன் பஸ் மூன்று நடை போய் வந்திருந்தது, பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் சாப்பாட்டுக்கு வந்து பூட்டின வீட்டு வாசலில் நின்றிருந்தார்கள். அப்போதுதான் எங்களுக்கு விஷயம் பிடிபட்டது: பார்க்கத் தகுந்த படம் என்றால் தியேட்டர் நம் நேரத்தை வாங்கிக்கொள்ளும், தகாத படம் என்றால் அப்படியே கையில் திருப்பிக் கொடுத்துவிடும். ஏன் அப்படி என்று இரண்டு நாள் டீக்கடையில் பேசினார்கள். தியேட்டர் ஓனரின் அம்மா பூவாத்தா உயிரோடு இருந்த காலத்தில் யாரிடமும் ஒரு கறிவேப்பிலைக் கொத்துக்கூடச் சும்மா வாங்கமாட்டார், அவர் பேரை வைத்ததால்தான் இப்படி என்றார்கள் சிலர். புதிதாக வைத்த டிரான்ஸ்பார்மர்தான் காரணம் என்றார்கள் சிலர். மூன்றாம் நாள் ரேஷனில் பாமாயில் போட்டார்கள், பேச்சு அந்தப் பக்கம் போய்விட்டது.

எங்கள் ஊரில் யாரிடமும் இல்லாத ஒன்று நேரம்தான். காவிரிக்கு இந்தப் பக்கம் எந்தத் தெருவுக்குள் நுழைந்தாலும் விசைத்தறிப் பட்டறை, பன்னிரண்டு மணி நேர ஷிப்ட், காலை எட்டுக்கு ஏறினால் ராத்திரி எட்டுக்கு இறங்கவேண்டும், ராத்திரி எட்டுக்கு ஏறினால் காலை எட்டுக்கு, மிச்சத்தில்தான் சமைப்பது, தண்ணீர் பிடிப்பது, பிள்ளை பெறுவது, கல்யாணத்துக்குப் போவது, சாவுக்குப் போவது, தூங்குவது எல்லாம். அப்படிப்பட்ட ஊருக்கு இரண்டே முக்கால் மணி நேரம் சும்மா கிடைக்கிறது என்றால் விடுவார்களா. தூங்க வந்தார்கள் முதலில், தலையணையோடு. பிறகு பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளைகள் டார்ச் லைட்டும் புஸ்தகமுமாக வந்தார்கள், பிளவுஸ் ஹெம்மிங் செய்கிறவர்கள் ஊசி நூலோடு வந்தார்கள், பங்காளித் தகராறு பேசுகிறவர்கள் பால்கனியில் ஒரு வரிசை பிடித்தார்கள், பெண் பார்க்க வந்தவர்கள் அதற்கு அடுத்த வரிசை, கைக்குழந்தைக்காரிகள் குழந்தையைப் பக்கத்து சீட்டுக்காரியிடம் கொடுத்துவிட்டுக் கண்ணசந்தார்கள், திரையில் ஒருவன் நூறு பேரை அடித்துக்கொண்டிருப்பான், கீழே முந்நூறு பேர் கர்புர்ரென்று குறட்டை விட்டுக்கொண்டிருப்பார்கள். ஓனர் சாமர்த்தியசாலி, ஷிப்ட் மாறும் நேரம் பார்த்துக் காலை எட்டுக்கு ஒரு காட்சியும் ராத்திரி எட்டுக்கு ஒரு காட்சியும் புதிதாகச் சேர்த்தார். எட்டுக்கு உள்ளே போய்த் தூங்கி எழுந்து எட்டுக்கே வெளியே வந்து தறி ஏறலாம்.

ஒன்றும் சும்மா வராது, அதையும் சொல்லிவிடுகிறேன். நேரம் திரும்பும், உடம்புக்கு ஆன வயது திரும்பாது. நகம் வளர்ந்தது வளர்ந்ததுதான். மற்றவர்கள் வாரத்துக்கு இரண்டு காட்சி பார்ப்பார்கள், நான் கேட்டுக்குள்ளேயே கிடக்கிறவள், தினம் நான்கு காட்சி, மூன்று வருஷத்தில் எனக்கு மட்டும் நான்கு வருஷத்துக்கு மேல் ஓடிவிட்டது. என் தங்கச்சி என்னைவிட ஒரு வயது சின்னவள், அவள் பக்கத்தில் நின்றால் நான் இப்போது அவளுக்குப் பெரியம்மா மாதிரி இருக்கிறேன். யாரும் இதற்காக ஒரு மாலை போட்டு மரியாதை செய்தார்களா என்றால் இல்லை, டீயில் சர்க்கரை பத்தவில்லை என்பார்கள்.

புதுப்படம் வந்தால் வெள்ளிக்கிழமைதான் வரும், அது தேறுமா தேறாதா என்று தெரியாமல் ஊரை உள்ளே விட்டுவிட முடியாது அல்லவா. அதனால் ஒரு கமிட்டி போட்டார்கள். ரிட்டயர்டு கணக்கு வாத்தியார் அங்கமுத்து அதற்குத் தலைவர். அவருக்கு எந்தப் படமும் பிடிக்காது, ஆகவே அவரை மட்டும் நம்ப முடியாது என்று சண்டைப் படத்துக்கு விசிலடிக்கிற ஆட்டோக்காரர் ஒருவர், பாட்டு வந்தால் போதும் என்கிற புதுப்பெண் ஒருத்தி, காமெடிக்குச் சிரிக்கிற மளிகைக் கடைக்காரர், அழுகைக்கு அழுகிற நர்ஸம்மா என்று நான்கு பேரைச் சேர்த்தார்கள். ஐந்து பேரும் வெள்ளிக்கிழமை பதினொரு மணிக் காட்சிக்குப் போவார்கள், வெளியே வந்து மணி பார்ப்பார்கள், வாத்தியார் கேட்டுக்குப் பக்கத்தில் மாட்டியிருக்கிற கரும்பலகையில் ‘திரும்பும்’ அல்லது ‘திரும்பாது’ என்று எழுதுவார். ‘திரும்பும்’ என்றால் படம் ஐம்பது நாள் ஓடும். ‘திரும்பாது’ என்றால் மறுநாள் தூக்கிவிடுவார்கள். மற்ற ஊரில் எல்லாம் நான்கே நாளில் ஓடிப்போன படத்துக்கு எங்கள் ஊரில் நூறாவது நாள் போஸ்டர் ஒட்டினோம், அதைக் கேள்விப்பட்டு அந்த டைரக்டரே சென்னையிலிருந்து ஒரு கூடை ஆப்பிளோடு வந்து இறங்கிவிட்டார். நல்ல பிள்ளை, முப்பது வயதுகூட இருக்காது. உள்ளே போய் ஜனங்களோடு உட்கார்ந்து பார்க்கவேண்டும் என்றார். அவர் படம் அவருக்குப் பிடிக்குமே, உள்ளே விட்டால் என்ன ஆகுமோ என்று பயந்து ஊரே அவரைக் கேண்டீனில் உட்காரவைத்து என் தலையில் கட்டிவிட்டது. எந்த சீன் இந்த ஊருக்கு இவ்வளவு பிடித்திருக்கிறது என்று அவர் கேட்டதற்கு, எல்லாமே மனதுக்கு நிம்மதியாக இருக்கிறது தம்பி என்றேன். அது பொய்யில்லை.

இனி வசந்தாமணியைப் பற்றிச் சொல்லவேண்டும்.

தியேட்டருக்கு நேர் எதிரே பெரியண்ணன் பட்டறை. அதில் ஒரே ஜோடித் தறியைப் புருஷனும் பெண்டாட்டியுமாக ஓட்டினார்கள், பகல் ஷிப்ட் வசந்தாமணி, ராத்திரி ஷிப்ட் குழந்தைவேலு. மகள் யாழினி பிறந்ததும் பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஒருவர் மாற்றி ஒருவர் வீட்டில் இருக்கவேண்டும் என்று அப்படி ஏற்பாடு செய்துகொண்டார்கள், அந்தப் பிள்ளைக்கு இப்போது ஏழு வயது, ஏழு வருஷமாக அவள் போகும்போது அவன் வருவான், அவன் வரும்போது அவள் போவாள். வாரத்தில் ஒரு நாள் லீவு, அன்றைக்கு அவன் அடித்துப்போட்ட மாதிரி தூங்குவான், அவள் வாரத்துத் துணியைத் துவைப்பாள். மற்றபடி காலை எட்டுக்கும் ராத்திரி எட்டுக்கும் தறிக்கு எண்ணெய் விட்டுத் துடைக்கப் பத்து நிமிஷம் நிறுத்துவார்கள், அந்தப் பத்து நிமிஷத்தில் ஒருவர் மூஞ்சியை ஒருவர் பார்த்துக்கொள்வதுதான் குடித்தனம்.

குழந்தைவேலுவுக்கு சினிமா என்றால் உயிர். சும்மா உயிர் இல்லை, அவனுக்குப் பிடிக்காத படம் என்று ஒன்று இந்த உலகத்தில் இன்னும் எடுக்கவே இல்லை. நேரம் திரும்ப ஆரம்பித்த பிறகு அந்தப் பத்து நிமிஷத்தில் வசந்தாமணியைக் கூட்டிக்கொண்டு எதிரே இருக்கிற தியேட்டருக்கு ஓடிவந்து, இரண்டே முக்கால் மணி நேரம் சேர்ந்து உட்கார்ந்துவிட்டு, தறி மறுபடி ஓடுவதற்குள் திரும்பிவிடலாம் என்று அவனுக்கு யோசனை வந்தது. அவளைக் கூட்டி வருவதற்கு முன்னால் சரிப்படுமா பார்ப்போம் என்று ஒரு செவ்வாய்க்கிழமை காலை தான் மட்டும் வந்தான். மூன்று வாரமாக ‘திரும்பும்’ என்று ஓடிக்கொண்டிருந்த படம். அன்றைக்குக் கேட்டைத் திறந்தால் மணி பத்தே முக்கால்.

ஊர் கொதித்துப்போய்விட்டது. ஷிப்டுக்குப் போகிறவர்கள், பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள், பஸ் பிடிக்கவேண்டியவர்கள் எல்லோருக்கும் பாழ். அங்கமுத்து வாத்தியார் கேட்டில் நின்று ஒவ்வொருவரையாக நிறுத்தி, உனக்குப் படத்தில் ஏதாவது பிடித்திருந்ததா என்று கேட்டார், எல்லோரும் சாமி மேல் சத்தியமாக இல்லை என்றார்கள், கடைசியில் குழந்தைவேலு மட்டும் தயங்கித் தயங்கி, “அந்த வில்லனுக்கு ஒருத்தரு குடை புடிச்சுட்டே வருவாருங்களே, அவரு மட்டும் மழையில நனைஞ்சுட்டு நின்னாருங்க. அவரைப் பாக்கப் பாக்க எனக்கு ரொம்பப் புடிச்சுப்போச்சுங்க” என்றான். அன்றைக்குத்தான் எங்களுக்குத் தெரிந்தது, உள்ளே ஒரே ஒருவருக்கு அந்த நேரம் தகும் என்று தோன்றிவிட்டாலும் மொத்த ஊருக்கும் திரும்பாது. இன்னும் இரண்டு படம் வைத்துச் சோதித்தார்கள். ஒன்றில் ஓரமாகப் போன காளை மாடு அவனுக்குப் பிடித்திருந்தது, இன்னொன்றில் ஒரு வீட்டுச் சுவருக்கு அடித்திருந்த பச்சை பிடித்திருந்தது. மாரியம்மன் கோயில் மண்டபத்தில் கூட்டம் போட்டு, குழந்தைவேலு இனிமேல் கேட்டுக்குள் வரக்கூடாது என்று முடிவு செய்தார்கள். அவன், தன்னால் யாருக்கும் இடைஞ்சல் வேண்டாம் என்று சொல்லிவிட்டு எழுந்து போனான். அதன் பிறகு தினமும் காலையில் பட்டறையிலிருந்து வீட்டுக்குப் போகும்போது கேட்டுக்கு வெளியே நின்று, கண்ணாடிப் பெட்டிக்குள் ஒட்டியிருக்கிற ஸ்டில் படங்களை ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டுப் போவான்.

வசந்தாமணி பட்டறைக்கு டீ வாங்க மத்தியானம் என் கேண்டீன் பின்வாசலுக்கு வருவாள். அதிகம் பேசாதவள். ஐப்பசியில் ஒரு நாள் தூக்குப்போசியை நீட்டிக்கொண்டே, யாரிடமோ சொல்கிற மாதிரி சொன்னாள்.

“ஏனுங்கக்கா, ஒரே ஒரு தடவ நான் அவரு பக்கத்துல உக்காரணுமுங்க. ஏழு வருசமாச்சு. எண்ணெ டப்பாவக் கைமாத்தறப்ப மூஞ்சியப் பாக்கறதோட சரி.”

எனக்குக் கோபம்தான் வந்தது. இத்தனை பேர் பொழைப்பில் மண்ணைப் போடச் சொல்கிறாயா என்று கேட்டேன், உன் புருஷனுக்குப் படம் முடிந்ததும் ‘வணக்கம்’ என்று போடுகிற எழுத்துகூடப் பிடிக்குமே அம்மிணி என்றேன். அவர் படத்தைப் பார்க்கவே மாட்டார், திரைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்காருவதாகப் பாப்பா மேல் சத்தியம் செய்திருக்கிறார் என்றாள். காதில் பஞ்சு வைத்துக்கொள்வார் என்றாள். தூக்குப்போசி நிரம்பின பிறகும் போகாமல் நின்றாள். நானும் பதினோரு வருஷம் தறி ஓட்டியவள், அந்த நிற்பு எனக்குத் தெரியும், பதில் வராவிட்டால் அவள் இனி எப்போதும் கேட்கமாட்டாள். பார்க்கலாம் போ என்று விரட்டிவிட்டேன்.

அந்த வாரம் வெள்ளிக்கிழமை ரிலீஸான படத்தைப் பற்றி என்ன சொல்ல. ஹீரோவுக்கு ரெட்டை வேஷம், இரண்டும் உருப்படியில்லை, நடுவில் ஒரு கிளி பழிவாங்குகிறது. பாட்டு இருந்தால் போதும் என்கிற புதுப்பெண் பாட்டைக் கேட்டு எரிச்சலில் அழுதாள். ஆட்டோக்காரர் இண்டர்வெல்லிலேயே கேட்டை ஏறிக் குதிக்கப் பார்த்தார். அங்கமுத்து வாத்தியாரின் முகத்தில் மட்டும் ஒரு திருப்தி, கரும்பலகையில் ‘திரும்பும்’ என்று எழுதி இரண்டு கோடு இழுத்தார். இந்தப் படத்தில் முடியாவிட்டால் இனி எந்தப் படத்திலும் முடியாது என்று எனக்குத் தோன்றியது. வசந்தாமணிக்குச் சொல்லி அனுப்பினேன்.

வியாழக்கிழமை காலை எட்டு மணி. தறி நின்றதும் இரண்டு பேரும் தெருவைத் தாண்டி ஓடிவந்தார்கள், அவள் முன்வாசல் வழியாக டிக்கெட் எடுத்து வந்தாள், அவனைத் தலையில் துண்டைப் போட்டு நான் கேண்டீன் பின்வாசல் வழியாக இழுத்து உள்ளே விட்டேன், அரங்கின் கடைசி வரிசையில், என் கேண்டீன் கதவில் தொங்குகிற துணித் திரைக்குப் பக்கத்தில், தூணுக்குப் பின்னால் இரண்டு சீட். அவன் சீட்டில் காலை மடக்கி ஏறி, திரைக்கு முதுகைக் காட்டி, அவளைப் பார்த்தபடி உட்கார்ந்தான். காதில் தறிப் பஞ்சு. இவன் மட்டும் ஒரு தடவை திரும்பிப் பார்த்தால் என் கேண்டீனும் போச்சு, மானமும் போச்சு. அந்தத் துணித் திரையை விலக்கிப் பிடித்துக்கொண்டு அவன் கழுத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

தறிச் சத்தத்தில் காது கேட்காது, ஆகவே தறிக்காரர்கள் எல்லோரும் உதட்டைப் பார்த்தே பேசிக்கொள்வோம். இவர்களும் சத்தம் இல்லாமல் உதட்டால்தான் பேசினார்கள். நான் பார்க்கக்கூடாதுதான். பார்த்தேன். முதலில் வீட்டுப் பேச்சு, சமையல்கட்டு ஓட்டில் ஒழுகுவது, யாழினிக்கு முன்பல் விழுந்தது, ராத்திரியில் அவள் அப்பாவின் சட்டை ஒன்றைக் கட்டிக்கொண்டுதான் தூங்குகிறாள் என்பது. காதோரத்தில் எப்போது நரைத்தது என்று அவன் கேட்டான், இரண்டு வருஷம் ஆயிற்று என்றாள். டாக்டர் சர்க்கரையை நிறுத்தச் சொல்லி ஒரு வருஷம் ஆகிறது என்றாள், அது அவனுக்குத் தெரியவே தெரியாது. வலது கையைத் தோளுக்கு மேல் தூக்க முடியவில்லை என்று அவன் சொன்னான், அது இவளுக்குத் தெரியாது. பிறகு சண்டை போட்டார்கள். அவன் தம்பி கல்யாணத்தில் யாரோ இவளை ஏதோ சொல்லி, அதற்கு அவன் சும்மா இருந்துவிட்டானாம், ஐந்து வருஷமாக நேரமில்லாமல் தள்ளிப்போட்ட சண்டை, சத்தமே இல்லாமல் உதட்டாலேயே அதைப் போட்டார்கள், அவள் கண்ணைத் துடைத்தாள், அவன் தப்புதான் என்று சொன்னான், இரண்டு தடவை சொன்னான். நான் ஏன் அழவேண்டும், எனக்கும் அவர்களுக்கும் என்ன உறவு. ஆனால் அழுதேன்.

இண்டர்வெல்லில் இரண்டு போண்டாவும் இரண்டு டீயும் கொண்டுபோய்க் கொடுத்தேன், ஒன்றில் சர்க்கரை போடவில்லை. அதன் பிறகு பேச்சு குறைந்தது. பன்னிரண்டு மணி நேரம் தறி ஓட்டிவிட்டு வந்தவன் அவன், தூங்கவேண்டியது அவன்தான், தூங்கினது என்னவோ அவள். பேசிக்கொண்டிருக்கும்போதே அப்படியே அவன் வலது தோளில் சாய்ந்து கண்ணை மூடிவிட்டாள். வலிக்கிற தோள். அவன் அசையவில்லை. திரையில் கிளி யாரையோ கொத்திக்கொண்டிருந்தது, முந்நூறு பேர் குறட்டை விட்டார்கள், குழந்தைவேலு அவள் வகிட்டையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். ஒரு தடவைகூடத் திரும்பவில்லை, நான் எந்தக் கோயிலில் வேண்டுமானாலும் சூடம் அணைத்துச் சத்தியம் செய்வேன்.

படம் முடிந்தது. வாட்ச்மேன் கேட்டைத் திறந்தார். வெயில் சுள்ளென்று அடித்தது.

மணி பத்தே முக்கால். பள்ளிக்கூட மணி எப்போதோ அடித்து முடிந்திருந்தது, பஸ் எல்லாம் போயிருந்தது, எதிரே பட்டறை வாசலில் பெரியண்ணன் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு நின்றார், அவர் பட்டறையில் ஒரு ஜோடித் தறி எட்டு மணியிலிருந்து ஆளில்லாமல் நின்றது. முந்நூறு பேரும் ஒரே நேரத்தில் கத்தினார்கள். கத்தின கையோடு தேடினார்கள், துண்டைப் போட்டிருந்தால் மட்டும் ஆளைத் தெரியாதா, குழந்தைவேலுவைப் பிடித்துக் கேட்டுக்கு நடுவில் நிறுத்திவிட்டார்கள். அவன் முகத்தைப் பார்க்க முடியவில்லை. நான் பார்க்கலீங்க, பாப்பா மேல் சத்தியமாக நான் படத்தைப் பார்க்கலீங்க என்று திரும்பத் திரும்பச் சொன்னான். நானும் முன்னால் போய் உண்மையைச் சொன்னேன், நான்தான் உள்ளே விட்டேன், நான்தான் காவல் நின்றேன், அவன் திரும்பவில்லை என்றேன். அங்கமுத்து வாத்தியார் என்னை ஒரு முறை முறைத்துவிட்டு அவனை விசாரித்தார்.

“ஹீரோ பேரு என்னப்பா?”

“தெரியாதுங்க.”

“எத்தன பாட்டு?”

“தெரியாதுங்க.”

“சரி, அந்தக் கிளி கடைசியில என்னாச்சு?”

குழந்தைவேலு நிமிர்ந்து பார்த்தான். “கிளி வருதுங்களா?” என்றான்.

வில்லனுக்குக் குடை பிடிக்கிறவனையும் ஓரமாகப் போகிற மாட்டையும் மறக்காதவன், கிளி வந்த படத்தில் கிளியைத் தெரியாது என்கிறான் என்றால் அவன் பார்க்கவில்லை, அது எல்லோருக்கும் புரிந்தது. அப்படியானால் யாருக்குப் பிடித்துத் தொலைத்தது என்று வாத்தியார் முதல் வரிசைக்காரர்களை வரிசையில் நிற்கச் சொன்னார். அப்போது வசந்தாமணி முன்னால் வந்தாள். முந்தானையைச் செருகிக்கொண்டு, தறி ஏறப் போகிறவள் மாதிரி.

“நாந்தானுங்க வாத்தியாரே. படம் நல்லாருந்துச்சா இல்லையான்னு எனக்குத் தெரியாதுங்க, நானும் பாக்கல. ஆனா இந்த ரெண்டே முக்கா மணி நேரத்தத் திருப்பி வாங்கிக்க எனக்கு மனசு வரலீங்க.”

தலையணையைக் கக்கத்தில் வைத்திருந்தவர்கள் அப்படியே நின்றார்கள். எத்தனை மணி நேரத்தைத் திருப்பி வாங்கியிருக்கிறோம் என்று அவரவர் யோசித்தார்களோ என்னவோ, நான் யோசித்தேன், மூன்று வருஷத்தில் நான்கு வருஷம் வாழ்ந்தும் ஒரு மணி நேரத்தைக்கூட வேண்டாம், நீயே வைத்துக்கொள் என்று சொல்ல எனக்குத் தோன்றியதில்லை. அங்கமுத்து வாத்தியாரின் சம்சாரம் தவறிப்போய் நான்கு வருஷம் ஆகிறது. அவர் கரும்பலகைக்குப் போய், ‘திரும்பும்’ என்று எழுதியிருந்ததைக் கையாலேயே அழித்தார். அழித்துவிட்டு வேறு ஒன்றும் எழுதாமல் வீட்டுப் பக்கம் நடந்தார்.

பெரியண்ணனுக்கு இதெல்லாம் ஏறவில்லை, அவர் தெருவுக்கு அந்தப் பக்கம் நின்றவர். இரண்டே முக்கால் மணி நேரம் தறி நின்றதுதான் அவருக்குத் தெரியும். தெருவைத் தாண்டி வந்து எல்லோர் முன்னாலும் விரலை நீட்டி, “ஏப்பா கொழந்தவேலு, இன்னிக்கு ராத்திரி நீ தறிக்கு வராத. தறிய வேற ஆளு பாத்துக்கும். வீட்டுலயே கெட, அப்பத்தான் புத்தி வரும்” என்றார். மனுஷன் தண்டனை என்று நினைத்துத்தான் சொன்னார். வசந்தாமணி எங்கே அவர் மனம் மாறிவிடுமோ என்று பயந்த மாதிரி, சரிங்க மொதலாளி என்று தலையை ஆட்டிவிட்டு, யார் முகத்தையும் பார்க்காமல் குடுகுடுவென்று பட்டறைக்குள் ஓடினாள். கொஞ்ச நேரத்தில் அவள் தறி ஓடுகிற சத்தம் கேட்டது.

கூட்டம் கலைந்தது. என் கேண்டீன் இருக்குமா போகுமா என்று ஓனர் வந்தால்தான் தெரியும் என்று நான் பாத்திரத்தைக் கழுவ உட்கார்ந்தேன். குழந்தைவேலு போகவில்லை. காதிலிருந்த பஞ்சை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, கண்ணாடிக்குள் ஒட்டியிருந்த படங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தான். ஒரு படத்தில் கிளி இருந்தது. அதைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு என் பக்கம் வந்து, ரொம்ப நாள் ஆசைப்பட்ட ஒன்றைக் கேட்கிறவன் மாதிரி மெதுவாகக் கேட்டான்.

“ஏனுங்கக்கா, படம் எப்படிங்க இருந்துச்சு?”

அந்தப் படத்தை முதல் நாளிலிருந்து ஒரு காட்சி விடாமல் கேட்டுத் தொலைத்தவள் நான். வாயில் நல்ல வார்த்தை வர ஒரு காரணமும் இல்லை. கையிலிருந்த டம்ளரைக் கவிழ்த்து வைத்துவிட்டு அவனைப் பார்த்தேன்.

“ஒரு தடவ பாக்கலாம் கண்ணு” என்றேன்.